மேசையின் நடுவில் இருந்தவர்

நெளுக்குளத்தில் எங்கள் பிஸ்கற் தொழிற்சாலைக்கு மெசின் வருகிறது, பக்கற் அடைக்கும் பெண்களை நிறுத்தப்போகிறார்கள் என்றதும், தொழிற்சங்கம் என்னைப் பேச அனுப்பியது. கொழும்பிலிருந்து வந்த முகாமையாளர்களுக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் ஓடாது. நடுவில் கதிரை போட்டு இருந்தவர் கொம்பனி கூட்டிவந்த மொழிபெயர்ப்பாளர். மெலிந்த மனிதர், கொலர் நைந்த வெள்ளைச் சேட்டு. கெட்ட செய்தி சொல்ல முன்னம் கண்ணாடியைக் கழற்றிச் சேட்டு நுனியால் துடைப்பார். அன்று முழுக்கத் துடைத்துக்கொண்டேயிருந்தார்.

அவர்கள் நீட்டி நீட்டிப் பேசியதையெல்லாம் ஒரு சொல்லில் முடித்தார்: "ஏலாதாம்."

நான் விடவில்லை. புருசன் இல்லாத வீடுகளை, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை, இந்த வேலையை விட்டால் வேறு வேலை இல்லாத ஊரை, எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றும் அசையவில்லை.

கூட்டம் முடிந்து வாசலில் நான் சைக்கிளை எடுக்கும்போது அவரும் வெளியே வந்தார். எரிச்சலோடு கேட்டேன். "ஐயா, எங்கட கதையையும் இப்பிடித்தான் சுருக்கிச் சொன்னனீங்களோ?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இல்லைப் பிள்ளை. ஒரு சொல்லும் விடேல்லை. முழுக்கச் சொன்னனான்."

அதுவரைக்கும், நாங்கள் சொன்னது அவர்களுக்கு விளங்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஓம், சுருக்கித்தான் சொன்னனான் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம் அந்த மனிதர்.