அறுபத்தோராம் எண் கட்டை

எங்கள் ஊருக்குக் கடிதம் கொண்டுவருகிறவள் யோலிதா. நாற்பத்து மூன்று வயது. அஞ்சல் நிலையம் கொடுத்த பழைய சைக்கிள். காற்று பலமாக அடித்தால் தொப்பியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓட்டுவாள். யார் வீட்டுக்கு அயர்லாந்திலிருந்து மகன் எழுதுகிறான், யார் வீட்டுக்கு நீதிமன்றத்திலிருந்து உறை வருகிறது, எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை வெளியே வராது. கேட்டால், "வாயைத் தொறந்தா கொசு உள்ள போயிடும்" என்பாள்.

இப்படிப்பட்டவளைத்தான் நான் ஒரு காலத்தில் வகுப்பு நடுவே எழுந்து நின்று திருடி என்றேன். என் பெயர் நெரிங்கா, மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். இந்தக் கதையை வேறு யாராவது சொன்னால் என் பங்கை இன்னும் மோசமாகச் சொல்வார்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

லித்துவேனியாவின் தென்கோடியில் பைன் காட்டுக்குள் இருக்கிறது எங்கள் ஊர். மணல் மண், விளைச்சல் சுமார். காளான்தான் எங்களுக்கு எல்லாம். அதிலும் பாராவிகாஸ் என்கிற காளான் இருக்கிறதே, பழுப்புத் தொப்பியும் தடித்த வெள்ளைக் காலுமாக, அது கிடைக்கிற இடத்தை அண்ணன் தம்பிக்குச் சொல்ல மாட்டான். என் பெரியப்பா ஆபரேஷனுக்குப் போகுமுன் பயத்தில் தன் இடத்தை ஒரு நர்ஸிடம் சொல்லிவிட்டார். பிழைத்துக்கொண்டார். அதற்குப்பின் அந்த நர்ஸைத் தெருவில் பார்த்தாலே, கெட்ட எண்ணத்தோடு பிழைக்கவைத்தவளைப் பார்ப்பதுபோல முறைப்பார்.

காடு முழுவதையும் வனத்துறை கட்டம் கட்டமாகப் பிரித்து, மூலைக்கு மூலை ஒரு மரக்கட்டை நட்டு எண் போட்டிருக்கும். ஆகவே ரகசியம் என்பது எங்கள் ஊரில் ஓர் எண்தான். அந்த எண்ணைத்தான் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு, நாங்கள் பத்தாம் வகுப்பு. உயிரியல் வாத்தியார் போவிலோனிஸ் கடற்கரைப் பக்கத்துக்காரர், வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மீனைப் பற்றி எது கேட்டாலும் சொல்வார். காளான் எங்கே கிடைக்கும் என்று அவருக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. போன பருவம் முழுக்க அலைந்து, வெள்ளைப் புள்ளி போட்ட சிவப்பு விஷக்காளானாகவே பார்த்துவிட்டு வந்தவர். அவர் செப்டம்பரில் எல்லாரையும் ஒரு ஆய்வு செய்யச் சொன்னார். தலைப்பு நம் இஷ்டம்.

திங்கட்கிழமை பள்ளிச் சாப்பாட்டு அறையில், ரோஜா நிறத்துப் பீட்ரூட் சூப்பைக் கலக்கிக்கொண்டே நானும் எட்வினாஸும் தலைப்பைப் பிடித்தோம். மழை பெய்து எத்தனையாவது நாள் பாராவிகாஸ் முளைக்கிறது? எட்வினாஸ் என் கூட்டாளி, வாய்க்கொழுப்புக்குப் பேர்போனவன். உலகத்தில் யாருக்கும் தோன்றாதது தோன்றிவிட்டதாக இருவரும் பூரித்துப்போனோம். மழை விட்டதும் விரல் மடக்கி நாள் எண்ணாத மனிதர் எங்கள் ஊரில் ஒருவர்கூட இல்லை என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை.

பக்கத்து மேஜையில் யோலிதா அடை தின்றுகொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை வாத்தியார் தலைப்புகளைப் படித்தார். யோலிதாவின் தலைப்பும் அதேதான், வரிக்கு வரி. எனக்கு மண்டைக்குள் சுர்ரென்றது. எழுந்துவிட்டேன்.

"சார், அது எங்களுது. நேத்து நாங்க பேசினதைப் பக்கத்து மேஜையில உக்காந்து கேட்டுட்டு எழுதியிருக்கா. திருடி."

யோலிதா நிதானமாகத் திரும்பினாள். "நீ பேசுறது பக்கத்து மேஜைக்கு மட்டுமா கேக்கும்? பக்கத்து ஊருக்கே கேக்கும். ஆனா நான் அதைக் கேட்டு எழுதலடி. மூணு வருஷமா நோட்டு போட்டு எழுதிட்டு வர்றேன்."

"அப்ப நோட்டைக் கொண்டா."

"முடியாது."

"ஏன் முடியாது?"

"ஒவ்வொரு வரியிலயும் இடம் இருக்கு."

எங்கள் ஊரில் அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள், பேசுவது மரியாதையும் இல்லை. வாத்தியார் மட்டும் ஒன்றும் புரியாமல் எங்களை மாறி மாறிப் பார்த்தார். அப்போது எட்வினாஸ் எழுந்தான்.

"சார், இது நல்லா இருக்கே. இனிமே வீட்டுப்பாடம் கேட்டா நானும் இதையே சொல்றேன். எழுதிட்டேன் சார், ஆனா அதுல எங்க வீட்டுக் காளான் இடம் இருக்கு."

வகுப்பே உருண்டு சிரித்தது. அந்தச் சிரிப்பு யோலிதாவின் நியாயத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. வெள்ளிக்கிழமைக்குள் நோட்டைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் தலைப்பை மாற்ற வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. தலைப்பை மாற்றினால் திருட்டை ஒப்புக்கொண்டதாகத்தான் ஊர் பேசும்.

அடுத்த இரண்டு நாள் அவளைப் படுத்தியதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது. அவள் வந்தால் எல்லாரும் நோட்டைப் பட்டென்று மூடுவோம். "யோலிதா வர்றா, யோசிக்கிறதை நிறுத்துங்கடா" என்பான் எட்வினாஸ். அவளும் சளைக்கவில்லை. "உனக்கு அது சுலபம்டா, ஆரம்பிச்சாதானே நிறுத்தணும்" என்று சொல்லிவிட்டுப் போவாள். ஆனால் சாப்பாட்டு அறையில் அவள் மேஜையில் மட்டும் யாரும் உட்காரவில்லை.

அவள் அம்மா சாலையோரம் காளான் வாங்கும் கொட்டகை வைத்திருந்தார். ஊரே அந்த அம்மாவின் தராசை நம்பித்தான் கூடையை இறக்கும். வியாழக்கிழமை எட்வினாஸின் மாமா தன் கூடையை இறக்கிவிட்டு, "இன்னொரு தடவை நிறுத்துப் பாரு அக்கா, காலம் கெட்டுக்கிடக்கு" என்றாராம். பதினைந்து வருடத்தில் அந்த அம்மா கேட்காத வார்த்தை. கூட நின்ற யோலிதா நேராக வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை நோட்டு வந்தது. நீல அட்டை, மூலையெல்லாம் மடங்கிப்போனது. தேதி, எத்தனை மணிக்கு மழை விட்டது, எத்தனையாவது நாள், எத்தனை காளான். மூன்று வருடக் கணக்கு. ஒரு பக்கத்தில் நசுங்கிய கொசுகூட இருந்தது. வரிக்கு வரி கடைசியில், இடம் எழுதிய பகுதியில், காகிதத் துண்டு வெட்டி ஒட்டி மறைத்திருந்தாள்.

"பாத்துக்கோங்க" என்று மேஜைமேல் வைத்தாள்.

முதலில் நான்தான் எடுத்தேன். தேதியைப் பார்த்தேனா? பார்க்கவில்லை. நேரே ஜன்னலுக்குப் போய்ப் பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஒட்டிய துண்டுக்குள் மங்கலாகத் தெரிந்தது: அறுபத்தொன்று. அடுத்த வரியிலும் அறுபத்தொன்று. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "தேதியை எல்லாம் ஒரே ராத்திரியில உக்காந்து எழுதலாம் சார்" என்றேன். எட்வினாஸ் பிடுங்கி அவனும் ஜன்னலுக்குப் போனான். "ஆமா சார், போலி மாதிரிதான் இருக்கு" என்றான். பிறகு வகுப்பே ஒவ்வொருவராக ஜன்னலுக்குப் போய் வந்தது. எல்லாருக்கும் திடீரென்று ஆராய்ச்சி மனப்பான்மை.

வாத்தியார், "நான் வீட்டுல வச்சு நல்லா பரிசோதிக்கணும், திங்கக்கிழமை சொல்றேன்" என்று நோட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வழியில் தலைமையாசிரியை அதை வாங்கி அவரும் பரிசோதித்திருக்கிறார்.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் அம்மாவிடம் நூலகம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நூலகத்துக்குக் கூடையும் கத்தியும் எதற்கு என்று அம்மா கேட்கவில்லை. ஆறு மைல் சைக்கிள். அறுபத்தோராம் எண் கட்டை பழைய மர அறுவை மில்லுக்கு அப்பால். நான் அதுவரை அந்தப் பக்கம் போனதே இல்லை, அதனால்தான் அங்கே மலையாய்க் குவிந்திருக்கும் என்று நம்பினேன்.

சதுப்பு நிலம் அது. இரண்டடி வைத்தால் ஒரு கால் பூட்ஸோடு உள்ளே போகிறது. கொசுக்கள் என்னைக் கல்யாண விருந்தாக எடுத்துக்கொண்டன. ஒரு நல்ல காளான் கண்ணில் படவில்லை. அப்போது புதருக்கு அந்தப் பக்கம் சளக் சளக்கென்று சத்தம். எட்வினாஸ். பின்னாலேயே இரட்டைக் கூடையோடு அவன் மாமா.

"நீ என்னடி பண்ற இங்க?" என்றான்.

"காத்து வாங்க வந்தேன். நீ?"

"மாமாவுக்கு முழங்கால் வலி. நடக்கச் சொல்லியிருக்காங்க."

மாமாவின் முழங்கால் அப்போது சேற்றுக்குள் இருந்தது. அவர் பதில் சொல்லுமுன் இன்னும் நான்கு வகுப்புப் பிள்ளைகள் வந்தார்கள். அதற்கப்புறம் பிளாஸ்டிக் வாளியோடு தலைமையாசிரியை வந்தார். எங்களைப் பார்த்ததும் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, ஓய்வெடுப்பதுபோல வானத்தைப் பார்த்தார். கடைசியில் போவிலோனிஸ் சார், விலைச் சீட்டு கிழிக்காத புது ரப்பர் பூட்ஸில். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எல்லாரும் கொசு அடித்துக்கொண்டிருந்தோம்.

"வருகைப் பதிவு எடுத்துடலாமா சார்?"

யோலிதாவின் குரல். சற்று மேட்டில், விழுந்து கிடந்த மரத்தின்மேல் அவளும் அவள் அம்மாவும் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

"எனக்கே தெரியாத இடம்" என்றார் அம்மா. "இத்தனை பேருக்குத் தெரிஞ்சிருக்கே. தம்பி, கூடை காலியா இருக்கு. ரெண்டு தடவை நிறுத்தாலும் ஒண்ணும் வராதே."

மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

யோலிதா என்னைப் பார்த்துத்தான் பேசினாள். "வியாழக்கிழமை சாயங்காலம் நம்பரை மட்டும் அழிச்சுட்டு இதைப் போட்டேன். மத்ததெல்லாம் நான் மூணு வருஷமா எழுதினதுதான். அது போலின்னு சொன்னியே நெரிங்கா. போலி நோட்டை நம்பி யாராவது காலங்காத்தால சேத்துல வந்து நிப்பாங்களா?"

அவள் சொன்னதில் எங்கும் கை வைக்க முடியவில்லை. நோட்டு உண்மை என்று எனக்கு ஜன்னலோரத்திலேயே தெரியும். தெரிந்துதான் போலி என்றேன், தெரிந்துதான் சைக்கிளை எடுத்தேன். யோசனையைத் திருடினாள் என்று அவளைக் கூண்டில் ஏற்றியவர்கள் அத்தனை பேரும், அவள் இடத்தைத் திருடக் கூடையோடு வரிசையாக நிற்கிறோம். வெட்கம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன், முழங்கால்வரை சேற்றில்.

"மன்னிச்சுடு" என்றேன்.

"இங்க வேணாம். இங்க கொசுவுக்குத்தான் கேக்கும். திருடின்னு எங்க நின்னு சொன்னியோ அங்க நின்னு சொல்லு. அதே சத்தத்துல."

திங்கட்கிழமை அதே இடத்தில் நின்றேன். முதலில் மெதுவாகத்தான் சொன்னேன். "கேக்கல" என்றாள் யோலிதா. இன்னொரு முறை சொன்னேன், பக்கத்து ஊருக்கே கேட்கும்படி. வாத்தியார் எழுந்து, தானும் தவறு செய்ததாகச் சொன்னார், நல்ல மனிதர். அன்று மத்தியானம் அவள் மேஜையில் இடம் கிடைக்காமல் நான் நின்றுகொண்டே சூப் குடித்தேன். எட்வினாஸும் நானும் தலைப்பை மாற்றிக்கொண்டோம்: சதுப்பு நிலக் கொசுக்கள். தகவல் எங்கள் கையிலேயே இருந்தது, காலிலும்.

அவள் ஆய்வு மாவட்டக் கண்காட்சிவரை போனது. அவள் அதோடு படிப்பில் பெரிய ஆளாகி எங்கேயும் போய்விடவில்லை. வயது வந்ததும் அஞ்சல் நிலையத்தில் ஆள் எடுத்தார்கள். விண்ணப்பித்தவர்கள் ஏழு பேர். அவளை எடுத்ததற்கு ஊரில் ஒரு முணுமுணுப்புகூட இல்லை. என் மகளுக்கு ஞானத்தாய் அவள்தான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முந்தைய இரவு ஒரே மேஜையில் சாப்பிடுகிறோம். இருந்தும், காட்டுக்குப் போகிற நாளில் எனக்கு மருந்துக் கடையில் வேலை இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் கிளம்புவாள். நானும் ஏன் என்று கேட்டதில்லை. ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு, நல்ல மழை விட்ட ஐந்தாம் நாள். காரில் அத்தை வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். சாலை வளைவில் ஒரு பைன் மரத்தில் அவள் சைக்கிள் சாய்ந்து நின்றது. பக்கத்தில் எண் கட்டை. கண்ணைக் கொஞ்சம் திருப்பினால் போதும், எண் தெரிந்துவிடும். நான் கழுத்தை மறுபக்கம் திருப்பி, எதிர்ப்புற வயலில் மேய்ந்த பசுக்களையே பார்த்துக்கொண்டு ஓட்டிப் போய்விட்டேன். அவளிடம் சொல்லவும் இல்லை.

மறுநாள் காலை கடிதக் கட்டோடு கடைக்கு வந்தாள். கட்டுக்கு அடியில் ஒரு காகிதப் பை, நிறைய பாராவிகாஸ்.

"என்னடி இது?" என்றேன்.

"நேத்து மரத்துக்குப் பின்னாலதான் நின்னேன்" என்றாள். "கழுத்து சுளுக்கிக்கிச்சா?"

"லேசா."

"ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்குத் தயாரா இரு" என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக் கடிதத்தைத் தேடிக்கொண்டே வெளியே போனாள்.