இருபதாவது மெய்ப்பு

மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்துச் செருகியிருக்கும் மெல்லிய தாளை அநேகமாக யாரும் படிப்பதில்லை. அதை ஒரு வரி விடாமல் படிப்பதற்காக ஓர் அச்சகம் முப்பத்தோரு ஆண்டுகளாக ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து வருகிறது. அங்கே அவருக்குப் புள்ளி என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, குழந்தைகளின் காய்ச்சல் மருந்து அளவில் ஒரு தசமப் புள்ளி விடுபட்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. தாள்கள் அச்சாகி, கட்டுப் போட்டு, வண்டியில் ஏறிய பிறகு பைண்டிங் செய்பவர் தற்செயலாகப் பார்த்துச் சொன்னார். எல்லாவற்றையும் திரும்ப இறக்கிக் கூழாக்கினார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆகியிருந்தால் அவர் ஒரு தண்டனையை அனுபவித்து முடித்திருக்கலாம். ஆகாததால் அது முடியவே இல்லை.

அவரை நல்ல மெய்ப்புத் திருத்துநர் என்று சொல்லலாம். மிக நல்லவர் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. மிக நல்லவர்களுக்கு எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும்.

முக்கியமான தாள்களை அங்கே இரண்டு பேர் சேர்ந்து பார்ப்பார்கள். ஒருவர் சத்தமாக வாசிப்பார். கமா வந்தால் கமா, புள்ளி வந்தால் புள்ளி என்று அதையும் சொல்வார். மற்றவர் மூலப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "சரி" என்பார். முடிந்ததும் தாளின் அடியில் "அச்சிடலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். அந்த ஒரு சொல்லை எழுத மற்றவர்களுக்கு ஒரு நொடி ஆகும். புள்ளிக்குச் சில நாள் அரை மணி நேரம்கூட ஆகும்.

அவருடைய மனைவி மருத்துவமனைத் துணிக்கிடங்கில் தையல் வேலை பார்த்தாள். கல்யாணமாகி நாலாவது வருஷம், ஒரு பத்திரிகைப் படத்தை வெட்டி எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். கடற்கரையை ஒட்டியே போகும் சாலை. வழியில் மூன்று இடங்களில் மரக்குடில்கள். உள்ளே இரண்டு கட்டில், ஓர் அடுப்பு, ஒரு விளக்கு. போர்வையும் பாத்திரமும் நாம்தான் கொண்டுபோக வேண்டும். குளியலறை பொது. அதனால் வாடகை மலிவு.

"நம்ம கைக்கு எட்டுற மாதிரி ஒண்ணு இருக்குங்க. ஏழு நாள். போய்ட்டு வந்துரலாம்," என்றாள்.

அவர் மறுக்கவில்லை. திட்டம் போட உட்கார்ந்தார்.

முதல் வருஷத் திட்டம் இரண்டு பக்கம். எத்தனை மைல், எங்கே டீசல், எந்த வேளைக்கு என்ன சமையல், எந்தக் கடற்கரையில் எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறும், எல்லாம் இருந்தது. அதை அவர் சத்தமாக வாசிக்க, அவள் பத்திரிகைத் துண்டையும் வரைபடத்தையும் வைத்துக்கொண்டு "சரி" சொன்னாள். கடைசியில் ஒரு படகுத்துறையின் நேரம் இரண்டு இடத்தில் இரண்டு மாதிரி இருந்தது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த வருஷம் ஒரு குடிலின் தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைந்தது. அதற்கடுத்த வருஷம் மழை. இப்படிப் பத்தொன்பது திட்டங்கள் துணிப் பீரோவின் அடித்தட்டில் சேர்ந்தன. ஒன்றிலும் "அச்சிடலாம்" இல்லை.

ஒவ்வொரு முறையும் தன் பழைய வேனைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தவன் அவளுடைய தம்பி. வண்டிப் பட்டறை வைத்திருந்தான். "அக்கா, மச்சான் போற டூருக்கு டீசல் வேணாம். பேனாவுக்கு மை ஊத்தினாப் போதும்," என்பான். அவள் சிரிப்பாள். பத்து வருஷம் சிரித்தாள்.

இருபதாவது வருஷம் அவளுடைய முழங்காலைப் பார்த்த டாக்டர், அடுத்த ஆண்டு ஆபரேஷன், அதற்குப் பிறகு மணலில் நடப்பதெல்லாம் கஷ்டம் என்றார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "இந்த வருஷம் நான் போறேன். நீங்க வந்தா ரெண்டு பேரா போறோம். இல்லைன்னா ஒரு ஆளா. இனிமே என்னைச் சரி சொல்லச் சொல்லாதீங்க."

அவருக்குப் பயம் வந்தது. அவள் சொன்னதைச் செய்கிறவள். இந்த முறை பிழையே இருக்கக் கூடாது என்று பழைய திட்டங்கள் அத்தனையையும் எடுத்து மேசையில் பரப்பினார்.

பன்னிரண்டாம் வருஷத் தாளின் ஓரத்தில், மூன்றாவது குடிலுக்கு நேரே, சிவப்பு மையில் ஒரு குறிப்பு இருந்தது: "படிக்கட்டில் மூன்றாவது பலகை ஆடுகிறது."

கையெழுத்து அவருடையது. அவர் அந்தக் குடிலைப் பார்த்ததில்லை. யாரோ போனில் சொல்லியிருப்பார்கள் என்று முடிவு செய்தார். ஆனால் போனில் யார் படிக்கட்டுப் பலகையைப் பற்றிச் சொல்வார்கள் என்ற கேள்வி, பல்லில் சிக்கிய நார் மாதிரி நாள் முழுக்கக் கூடவே இருந்தது.

முதல் குடிலுக்குப் போன் செய்தார். அதைப் பார்த்துக்கொள்ளும் பெண் எடுத்தாள். அவர் பெயரையும் ஊரையும் சொல்லி முடிப்பதற்குள், "அதே ஓரத்துக் குடில்தானே சார்? ஜன்னல் கொக்கியை மாத்திட்டேன். போன தடவை சொல்லிட்டுப் போனீங்களே," என்றாள்.

"நான் அங்க வந்ததே இல்லம்மா."

"சரி சார்," என்றாள், வயதானவர்களிடம் வாக்குவாதம் செய்யாதவர்களின் குரலில்.

இரண்டாவது குடிலின் காவலாளி இன்னும் தாராளமாகப் பேசினார். "அம்மா சௌக்கியமா? அவங்க தச்சுக் குடுத்த திரைதான் சார் இன்னமும் தொங்குது. நீங்க மட்டும் ஊறுகாய் பாட்டில்ல ஒட்டியிருந்த சீட்டைக்கூட விடாம படிச்சீங்களே, அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்."

இதை அவர் மனைவியிடம் சொன்னார். போர்வை மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"வேற யாரையாவது நினைச்சுப் பேசியிருப்பாங்க."

"ஊறுகாய் பாட்டில் சீட்டை வேற யாரு படிப்பா?"

"அதுவும் சரிதான்," என்றாள். கொஞ்சம் கழித்து, "அந்த ஆளு நிம்மதியா இருந்தாராமா?" என்று கேட்டாள்.

மூன்றாவது குடிலுக்கு அவர் போன் செய்யவில்லை.

திங்கள்கிழமை காலை ஏழு மணிக்கு வேன் வாசலில் நின்றது. துணிக்கிடங்கு வண்டியை ஓட்டிப் பழகியவள், அவளே ஓட்டுவதாக ஏற்பாடு. இரண்டு போர்வை, இரண்டு தட்டு, அவருடைய மாற்றுத் துணி வைத்த பை, எல்லாவற்றையும் ஏற்றிவிட்டாள். அவர் கடைசியாக ஒரு முறை தாளைப் பார்த்தார். மூன்றாம் நாள் பாதையில் ஒரு பாலம். ஒரு வரைபடத்தில் திறந்திருந்தது. இன்னொன்றில் பழுது என்று போட்டிருந்தது.

"ஒரு வாரம் பொறு. சாலை ஆபீஸ்ல கேட்டு எழுதறேன். பதில் வந்ததும் கிளம்பிடலாம்."

அவள் அவரை நன்றாகப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"பாலம் மூடியிருந்தா சுத்திக்கிட்டுப் போவோம். இவ்வளவுதானேங்க."

"இல்லம்மா, எழுத்துல ஒண்ணு இருந்தா..."

"சரி," என்றாள். அது அவள் தாளைப் பார்க்கும்போது சொல்கிற "சரி" இல்லை.

அவருடைய பையை அவள் இறக்கவில்லை. அவர் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றார். வண்டி தெருமுனையில் திரும்பும்போது, அவள் பக்கத்து இருக்கையைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரிப்பது தெரிந்தது. ரேடியோ பாட்டுக்கு வாயசைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். அந்த வேனில் ரேடியோ கிடையாது என்பது அடுப்பில் தண்ணீர் வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

செவ்வாய் போயிற்று. அவளுடைய போன் கடலோரத்தில் எடுக்கவில்லை. சாலை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதை இரண்டு முறை திருத்தினார். புதன்கிழமை மதியம் வீட்டில் தன் மூச்சுச் சத்தம் தனக்கே கேட்கிற மாதிரி இருந்தது. பாலத்தைத் தாண்டியிருப்பாளா என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்று மூன்றாவது குடிலின் எண்ணைப் போட்டார். நாலரை மணி. வெயில் மேசைமேல் நேராக விழுந்திருந்தது.

"வந்துட்டாங்க சார்," என்றார் அங்கிருந்த காவலாளி. "பாலம் மூடித்தான் இருக்கு. சுத்திக்கிட்டு வந்தாங்களாம். ரெண்டு பேரும் மத்தியானமே வந்தாச்சு."

"ரெண்டு பேரா?"

"அந்தம்மாவும் அவங்க வீட்டுக்காரரும். வந்ததும் வராததுமா படியில மூணாவது பலகை இன்னமும் ஆடுதுன்னு பிடிச்சுக்கிட்டார். இப்பதான் ஆணி அடிச்சு முடிச்சேன். நீங்க யாரு சார், சொந்தமா?"

அவர் ரிசீவரைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டார்.

"இருங்க, கூப்பிடறேன்," என்று காவலாளி ரிசீவரை எதன் மேலோ வைத்தார்.

முதலில் கடல் கேட்டது. பிறகு, கொஞ்சம் தள்ளி, குடில் படிக்கட்டின் அடியில் தொங்கும் விதிமுறைப் பலகையை யாரோ அவசரமில்லாமல் வாசிக்கும் குரல்.

"அடுப்பை அணைத்துவிட்டு வெளியே செல்லவும், புள்ளி."

"சரி," என்றாள் அவருடைய மனைவி.

"போர்வை, கமா, பாத்திரம் முதலியவற்றை மறக்காமல் எடுத்துச் செல்லவும், புள்ளி."

"சரி."

"பரவாயில்லையே, ஒரு தப்புகூட இல்ல," என்றது அந்தக் குரல். இருவரும் சிரித்தார்கள். அப்படி அவள் சிரித்து அவர் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். வரவில்லை.

காவலாளி ஏதோ சொல்ல, படியில் காலடி ஏறி வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது பலகை ஆடவில்லை. ரிசீவரை எடுக்கும் சத்தம். பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமுகிற சத்தம். அதைக் கேட்டதும் இங்கே அவருடைய தொண்டையும் தானாகவே செருமிக்கொண்டது.

"ஹலோ, யார் பேசறது?"

எதிரே மேசையில் இருபதாவது திட்டம் கிடந்தது. அதன் அடியில், அவர் எழுதாத இடத்தில், சிவப்பு மையில் "அச்சிடலாம்" என்று இருந்தது. கீழே அவருடைய கையெழுத்து. திங்கள்கிழமைத் தேதி. அவர் அதை இரண்டு முறை படித்தார். பிழை இல்லை.

"யாருங்க? சொல்லுங்க," என்றது குரல், பொறுமையாக.

"ராங் நம்பர்," என்று சொல்லிப் போனை வைத்தார்.