குங்குமம் வைத்த ரிப்போர்ட்

மூன்று வருடங்களுக்கு முன், தீபாவளி விடுமுறைக்கு மலைப்பகுதியில் ரிங்லெட் பக்கத்தில் உள்ள மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தைக்குத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. அம்மாவின் தம்பியான மாமா காய்கறி லோரி ஓட்டுகிறார். நான் ஈப்போவில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன்.

சாமி மேடையில், முருகன் படத்தின் பக்கத்தில், நான்கு மூலையிலும் குங்குமம் வைத்த ஒரு ரிப்போர்ட் இருந்தது. பிரிஞ்சாங் மருத்துவ முகாமில் மாமா கொடுத்த ரத்தத்தின் முடிவு. புற்றுநோய் இருந்தால் ரத்தத்தில் ஏறக்கூடிய இரண்டு குறியீடுகளும் அளவுக்குள் இருந்தன. வயிற்று வலிக்காக, வாய் வழியே குழாய் விட்டுப் பார்க்கும் ஸ்கோப்புக்கு கிளினிக்கில் தேதி வாங்கியிருந்தார். இனி எதற்கு என்று அதை ரத்து செய்துவிட்டார்.

நான் கவனித்தவை வேறு. இரண்டாவது தோசையைத் தொடாமல் எழுந்தார். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தார். மலம் கறுப்பாகப் போகிறது என்று அத்தை என்னிடம் தனியாகச் சொன்னார். மாமா அந்தப் பழியை, தான் குடிக்கும் பால் கலக்காத கோப்பி-ஓ மேல் போட்டிருக்கிறார்.

வயிற்றுப் புற்றுநோயில், அதுவும் தொடக்கத்தில், பலருக்கு இந்த அளவுகள் ஏறுவதே இல்லை என்று விளக்கினேன். மாமா சிரித்தார்.

"நீ லேப்புல மெஷின்ல ரத்தம் சுத்துற புள்ள. டாக்டராட்டம் பேசாத லா."

"கீழ ரிங்லெட்டுல வெயில் அடிக்குதுன்னு, மேல கியா பார்முக்குத் தார்ப்பாய் இல்லாம லோரி எடுப்பீங்களா மாமா?"

அத்தைதான் சொன்னார்: "நான் விடமாட்டேன். நீ அந்தத் தேதிய திரும்பக் கேளும்மா."

ஸ்கோப்பில் ஒரு புண் தெரிந்தது. சதைப் பரிசோதனையில் புற்றுநோய் என்று வந்தது. வயிற்றின் ஒரு பகுதியை எடுத்தார்கள். அறுவை சிகிச்சைக்கு முன் குறியீடு ஏறாமல் இருந்தது இனி வரும் நாட்களுக்கு நல்ல அடையாளம்தான், ஆனால் நோய் இல்லை என்று சொல்ல அது போதாது என்றார் மருத்துவர். நான் பாடத்தில் படித்துத் தேர்வில் எழுதியதுதான் அது. மருத்துவமனை நடைவழியில், அத்தையின் பக்கத்தில் நின்று கேட்டபோது அது வேறு மாதிரி இருந்தது.

மாமா மறுபடி லோரி ஓட்டுகிறார், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறார். ரத்த ரிப்போர்ட் வந்தால் இப்போதும் சாமி மேடைக்குத்தான் போகிறது. ஸ்கோப் முடிவும் வந்த பிறகே அத்தை குங்குமம் வைக்கிறார். பரிசோதனைக் கூடத்தில் ஒரு முடிவை 'அளவுக்குள்' என்று அனுப்பும்போதெல்லாம், இது எந்த வீட்டில் குங்குமம் வாங்கப் போகிறதோ என்று ஒரு கணம் நினைத்துக்கொள்கிறேன்.