காசியில் பஸ் நின்ற மைதானம்

இன்று மதியம் பள்ளிபாளையம் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு யாத்திரை பஸ் நின்றிருந்தது. டிக்கியைத் திறந்து வைத்திருந்தார்கள். டீசலும் பெருங்காயமும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் என் கால் அதுவாக நின்றுவிட்டது. நானும் இருபது வருடம் அந்த மாதிரி ஒரு டிக்கியில் குடித்தனம் நடத்தியவன்தான். சேலத்திலிருந்து காசிக்குப் போகும் பஸ்ஸில் சமையல்காரன்.

பதினோரு தடவை காசிக்குப் போனேன். விசுவநாதரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. சொன்னால் சிரிப்பீர்கள். காலையில் நாற்பது பேரும் கோயிலுக்குக் கிளம்புவார்கள். திரும்பும்போது சோறு வெந்திருக்க வேண்டும். பஸ் நிற்கும் மைதானத்தில் சாமானை விட்டு நகர முடியாது. எங்கிருந்தோ மணிச்சத்தம் வரும். ஆத்திரமாக இருக்கும். பஸ்ஸையே சுற்றிச் சுற்றி வருவேன்.

அதனால் எனக்குத் தெரிந்த காசி வேறு. வளையலை முழங்கைக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு சுவரில் வறட்டி தட்டும் ஒரு அம்மாள். சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். பிள்ளைகள் வாய்ப்பாடு கத்தக் கேட்டுத்தான் இந்தியில் இருபது வரை எண்ணக் கற்றேன். பத்து மணியானால் யாரும் ஓட்டாமல் தானாக நடந்து தெருவுக்குள் போகும் எருமை ஒன்று. அது நினைத்த இடத்துக்குப் போகிறதே என்று எனக்கு அதன் மேல் பொறாமை.

யாத்திரைக்காரர்கள் திரும்பி வந்தால் இன்னொரு கூத்து. காசிக்குப் போனால் கங்கையில் முழுகி ஒரு காயை விட்டுவிட்டு வர வேண்டும், அப்புறம் ஆயுசுக்கும் அதைத் தொடக்கூடாது என்பது வழக்கம். ஒருவர் வெண்டையை விட்டிருப்பார், இன்னொருவர் பூசணியை, ஒரு அம்மா முருங்கையை. சாம்பாரில் நான் எதைப் போடுவது? உருளைக்கிழங்கை மட்டும் ஒருவரும் விட்டதில்லை.

கடைசித் தடவை என் மனைவி சரசு கூடமாட ஒத்தாசைக்கு வந்தாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறேன், நீயாவது போய்க் கங்கையில் முழுகிவிட்டு வா என்றேன். அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு அரிசி களைய உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க வராம நா மட்டும் எதுக்குங்க போறது? இத்தன வருசம் நீங்க எங்க நின்னீங்களோ, அதக் காட்டுங்க."

காட்டினேன். வறட்டி அம்மாளை, எருமையை, வாய்ப்பாட்டுச் சுவரை. எல்லாம் அடுப்பு கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். கடைசியில் குழாயடியில் கையை நனைத்துக்கொண்டு, கத்திரிக்காயை விட்டுவிட்டேன் என்றாள். கத்திரிக்காய் இல்லாமல் சோறு இறங்காதவள். குழாய்த் தண்ணீரில் விட்டால் செல்லாது என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அடுத்த வாட்டி அடுப்பில்லாம ரெண்டு பேரும் வரோணும்னு வேண்டிக்கிட்டேனுங்க."

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அவள் கத்திரிக்காயைத் தொடவில்லை. எனக்கு மட்டும் வதக்கிப் போடுவாள். நானும் கூச்சமில்லாமல் தின்றேன். மகளின் பிரசவம், என் முழங்கால் வலி என்று வருடா வருடம் தள்ளிப்போட்டது நான்தான். போன ஆடியில் சரசு போய்விட்டாள்.

நானும் இதே வேலை பார்த்தவன் என்றதும் பஸ்ஸின் சமையல்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அந்த மைதானத்தைப் பற்றி விசாரித்தேன். அங்கே இப்போது பெரிய கட்டடம் வந்துவிட்டதாம். பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுகிறார்களாம். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று என் கையில் ஒரு தட்டைக் கொடுத்துச் சோறு போட்டு, கத்திரிக்காய்ச் சாம்பாரை மொண்டார். நான் கையால் தட்டை மறைத்தேன்.

"வேண்டாமுங்க. காசில உட்டுட்டனுங்க."

அவருக்கு இது பழகிய பேச்சு. கரண்டியை மாற்றி ரசத்தை ஊற்றினார்.