கல்படி அரங்கும் கடைசி பஸ்ஸும்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட பிறகு நான் ஓரிடத்தில் நிலைத்ததில்லை. கொஞ்ச காலம் மீன் லாரி, கொஞ்ச காலம் செங்கல் சூளை. அப்புறம் ஊர் ஊராகப் பாட்டுக் கச்சேரி நடத்தும் ஒரு கானமேளாக் குழுவுக்குப் பெட்டி சுமந்தேன். ஸ்பீக்கர் பெட்டி தோளை உரித்துவிடும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் சுமக்க வேண்டியதுதான். சாப்பாடு உண்டு.

மலையடிவாரத்தில் ஒரு திறந்தவெளி அரங்கு. ராஜா காலத்தில் சரிவை வெட்டி அரைவட்டமாகக் கருங்கல் படி கட்டியிருக்கிறார்கள். பகல் முழுக்க வெயில் குடித்த கல் லேசில் ஆறாது. சாயங்காலம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அதை ஆற்றுவதும் எங்கள் வேலை. மேலே ரோட்டில் கருங்கல் என்ற ஊருக்குப் போகும் கடைசி பஸ் ஹாரன் அடித்தால் பாதிக் கூட்டம் எழுந்துவிடும். யார் பாடினாலும் சரி.

குழுவில் கோரஸ் பாடும் அக்காவுக்கு அன்றைக்குத்தான் முதல் தனிப்பாட்டு. கேட்பதற்கென்று அவள் அம்மா கருங்கலிலிருந்து வந்திருந்தாள். வீட்டில் அப்பா படுத்த படுக்கை. கடைசி பஸ்ஸில் அம்மா திரும்பியே ஆகவேண்டும்.

முதலாளிதான் முக்கியப் பாட்டுக்காரர். கைதட்டல் விழ விழப் பாடிக்கொண்டே போனார். அக்கா ஓரத்தில் தண்ணீரைக் குடித்துக் குடித்து நின்றாள். ஒரு பாட்டு முடிந்த இடைவெளியில் அவரிடம் போய்ச் சொன்னேன்.

“அண்ணாச்சி, அடுத்தது அக்காவுக்க பாட்டாக்கும்.”

“ஏலே, நீ பெட்டி சுமக்க வந்தியா, புரோகிராம் போட வந்தியா?”

ஹாரன் அடித்தது. காலியாகும் படிகளைப் பார்த்துவிட்டு மைக்கை அவளிடம் நீட்டினார். “ஆளு போயாச்சு. இனி நீ பாடு.”

அக்காவின் அம்மா கொண்டுவந்த பையைத் தூக்கிக்கொண்டு நான் பஸ்ஸுக்கு முன்னால் ஓடினேன். அம்மா மேடையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி படியேறினாள்.

“அண்ணே, ஒரு பாட்டு வரை நில்லுங்க. இவியளுக்க மோளாக்கும் பாடப்போறா” என்றேன் டிரைவரிடம்.

“நின்னா நாளைக்கு டிப்போவுல எனக்குக் கச்சேரி வைப்பினும்” என்று வண்டியை எடுத்துவிட்டார்.

பையோடு ஏறியிருந்த நான் இறங்கவில்லை. கீழே பாட்டு எழும்பியது. அந்த ரோடு அரங்கின் மேல் விளிம்பைச் சுற்றி வளைந்து இறங்குகிறது. டிரைவர் நியூட்ரலில் போட்டார். பிரேக்கை மிதித்து மிதித்து, மாட்டுவண்டி போல உருட்டினார்.

“என்ன டிரைவரே, டீசல் தீந்து போச்சா? இறங்கித் தள்ளணுமா?” என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல்.

“சும்மா இரும்வே. பிள்ள பாடுதுல்லா” என்றார் கண்டக்டர்.

அம்மா சன்னல் கம்பியில் நெற்றியை வைத்திருந்தாள். சரணத்தில் குரல் நடுங்கியது. பிறகு பிடித்துக்கொண்டது.

“இது அவதானா?”

“அவளாக்கும்.”

வளைவு முடிந்தபோது பாட்டு முடிந்திருக்கவில்லை. நான் குதித்தேன். டிரைவர் கியர் போட, சன்னலிலிருந்து அம்மா கூப்பிட்டுச் சொன்னாள்:

“மீதிய வீட்டுல வந்து பாடச் சொல்லு மக்கா. அவளுக்க அப்பனும் கேக்கட்டு.”