ஞெக்காண்டாம், தொட்டாப் போதும்

எங்கள் சபைக்குத் தொடுதிரை மானிட்டர் வந்த நாளிலிருந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் நான். ஏதோ ஒரு வீட்டில் டிவி ரிமோட்டுக்கு நான் பேட்டரி மாற்றியதை யாரோ பார்த்திருக்க வேண்டும். கமிட்டி கூடி என்னைக் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று முடிவு செய்துவிட்டது. வேலை ஒன்றும் பெரிதில்லை. ஞாயிறு ஆராதனையில் பாட்டு நடக்கும்போது மானிட்டரை விரலால் தொட்டால் அடுத்த சரணம் முன்சுவரில் பெரிதாக விழும்.

ஆனால் கேரள எல்லையில் எங்கள் பாறசாலைப் பக்கம் யாரும் எதையும் தொடுவதில்லை, ஞெக்குவார்கள். ஞெக்குவது என்றால் அழுத்துவது. எங்கள் சபை செக்ரட்டரி அதில் மன்னன். பலாப்பழம் பழுத்ததா என்று பார்க்கிற அந்தப் பெருவிரலால் அவர் திரையை அமுக்கும்போது நான் மானிட்டரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வேன்.

"சாரே, ஞெக்காண்டாம், தொட்டாப் போதும்."

"எலே, ஞெக்காம அதுக்கு எப்படி மனசிலாவும்?"

திரையின் அடியில் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்றைத் தொட்டால் பாட்டு தமிழ் எழுத்தில் வரும். மற்றதைத் தொட்டால் அதே தமிழ்ப் பாட்டு மலையாள எழுத்தில் வரும். இரண்டாவதை என் மனைவிக்காக நான்தான் ஏற்றி வைத்தேன். அவள் காட்டாக்கடைக்காரி, மலையாளத்தில் படித்தவள். தமிழில் பேசுவாள், சண்டை போடுவாள், படிக்க மட்டும் தெரியாது. பாட்டு நேரம் முழுக்க வாயைச் சும்மா அசைத்துக்கொண்டு நிற்பாள்.

செக்ரட்டரி தடை போட்டார், கமிட்டியும் அவரோடு கை தூக்கியது. "இது தமிழ்ச் சபையாக்கும். இன்னைக்கு எழுத்து உள்ள வந்தா நாளைக்குப் பிரசங்கமே மலையாளத்துல வரும்." சொல்லி முடித்ததும் அவருடைய போன் அடித்தது. பேரனிடம் முழுக்க மலையாளத்தில் பேசினார்.

மனைவி சண்டைகூடப் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இந்த ஞாயிறோட சரி. அடுத்த வாரம் முதல் எங்க அம்மை வீட்டுச் சபைக்குப் போறேன். அங்கயாவது வாய்விட்டுப் பாடலாம்" என்றாள். ஞாயிறு காலை பைக்கில் தனியாகப் போவதை நினைத்தாலே எனக்குத் தாங்கவில்லை.

அந்த ஞாயிறன்று, முதல் சரணம் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் கூரை அதிர்ந்தது. இரண்டாம் சரணத்தில் வழக்கம்போல் கீபோர்டு மட்டும் பாடியது. திரையில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்த செக்ரட்டரி எழுந்து வந்து ஒரு ஞெக்கு ஞெக்கினார். சுவரில் மலையாள எழுத்து! பதறிப்போய் இன்னொரு ஞெக்கு. திரை அப்படியே உறைந்துவிட்டது. நான் தொட்டேன், துடைத்தேன், கடைசியில் வெட்கத்தை விட்டு நானும் ஞெக்கினேன். அசையவில்லை.

ஆனால் சபை பாடிக்கொண்டிருந்தது, ஒரு சொல் விடாமல். தமிழ் எழுத்துதான் வேண்டும் என்று கை தூக்கிய கமிட்டிக்காரர்களும் பாடினார்கள். எல்லோரும் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தானே! திரை நகராததால் அதே சரணத்தைத் திரும்பத் திரும்பப் பாடினோம். நிறுத்த யாருக்கும் மனமில்லை. அதில் பெரிய குரல் என் காதருகில் நின்ற செக்ரட்டரியுடையது. நான் மனைவியைத் தேடினேன். தொண்டை புடைக்கப் பாடிக்கொண்டிருந்தாள். சுருதி எங்கோ போய்விட்டது, ஆனாலும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஆராதனை முடிந்ததும் செக்ரட்டரி என் தோளில் கை வைத்தார்.

"மெஷின் கேடாயிப் போச்சு, இல்லியா மக்கா?"

"ஆஃப் பண்ணிப் போட்டாச் சரியாவும் சாரே."

"பாட்டு நகர்ந்தாப் போதும்" என்றார் அவசரமாக. "எழுத்துக் கேடு அப்படியே கிடக்கட்டு."

வெளியே படியிறங்கும்போது மனைவி சொன்னாள். "அடுத்த வாரம் கொஞ்சம் சீக்கிரம் வரணும், கேட்டியளா. மூணாம் சரணம் பாக்கி உண்டு."