ஏறிய எடை

புருஷன் இளைத்தால் பெண்டாட்டி சோறு போடவில்லை என்று அர்த்தம். சேர்வராயன் மலையில் இதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. தலைச்சோலைப் பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் மருதாயி, 1996 மழைக்காலத்தில் இப்படித்தான் குற்றவாளி ஆனாள்.

அவள் புருஷன் வெள்ளையன் லாரிக்கு மூட்டை ஏற்றியவன். வயிற்றில் புற்றுக்கட்டி வந்தபின் தொடையும் தோளும் கரைந்தன. மருதாயி முட்டையும் ஆட்டுக்கால் சூப்புமாக ஊட்டினாள். ஊட்ட ஊட்ட இளைத்தான்.

"எங்கண்ணனுக்கு ஊத்தறியா, நீயே குடிச்சுப்போட்டு ஏப்பம் உடறியா?" என்று நாத்தனார் பொன்னாயி தொழிலாளர் லைன் வீடுகள் முழுக்கக் கேட்கும்படி விசாரித்தாள்.

சேலத்து டாக்டர் வேறு மாதிரி சொன்னார். "சாப்பாட்டுக் குறை இல்லம்மா. கட்டியால ரத்தத்துல சில ரசாயனம் கலக்குது. அது சதைக்குள்ள போய், அங்க இருக்கிற புரதத்துக்கு மார்க் போட வைக்குது. மார்க் விழுந்ததைச் சதையே அரைச்சுக் கரைச்சுடும்."

"வெட்டற சில்வர் ஓக் மரத்துக்கு பெயிண்ட் அடிக்கற மாதிரிங்களா?"

"அதேதான்."

"அடிக்கறது யாருங்க?"

"அவர் உடம்பேதான். ஆசைப்பட்டுக் கேட்டா ரெண்டு வாய் குடுங்க. வற்புறுத்தாதீங்க."

"உடம்பே உடம்பத் திங்குதாமா! நல்லாருக்குது கதை," என்றாள் பொன்னாயி. பழம் நிறுக்கும் கொக்கித் தராசில் அண்ணனை வாராவாரம் நிறுத்துப் பார்க்க ஏற்பாடு செய்தாள். எஸ்டேட்டில் எடைக்கணக்கு எழுதும் ரைட்டர் அண்ணாதுரை அவனைச் சாக்கில் உட்காரவைத்துத் தொங்கவிட்டார். இரண்டு வாரம் முள் இறங்கியது. மூன்றாம் வாரம் ஏறிவிட்டது.

பொன்னாயி அழுதேவிட்டாள். "அண்ணி, என்ற வாயில மண்ணப் போடுங்க!"

மருதாயிக்கு அது இனித்தது. அன்று மாலை கால் பிடித்துவிடும்போது, கட்டைவிரல் பட்ட இடம் குழியாகவே நின்றது. மழையில் நனைந்த பழத்துக்கு, ஏறியது தண்ணீர் எடை என்று ரைட்டர் ஈரக்கழிவு போட்டுக் குறைப்பார். ஆயுசெல்லாம் அதை எதிர்த்துச் சண்டை போட்டவளுக்கு ஏறியது என்னவென்று புரிந்தது. சொல்லவில்லை. அவளுடைய நல்ல பெயரே அந்த நீரில்தான் மிதந்தது.

ஆனால் நம்பிக்கை வந்த பொன்னாயி, சந்தேகப்பட்ட பொன்னாயியைவிட ஆபத்தானவள். தினமும் கோழிச்சாறு கொண்டுவந்து தாடையைப் பிடித்து ஊற்றினாள். "இன்னும் ரெண்டே வாய், சாமி!" வெள்ளையன் குடம் குடமாக வாந்தி எடுத்தான். கண்ணால் மருதாயியைத் தேடினான்.

அவள் கிண்ணத்தைப் பிடுங்கினாள். "போதும் உடு, கண்ணு. ஏறுனது சதையில்ல, தண்ணி. சாவற மனுசன நிம்மதியா உடு."

"தேறி வந்தவனப் பட்டினி போடறாளே!" பொன்னாயி வாசலுக்கு ஓடினாள். லைன் முழுதும் நம்பியது. முள் ஏறியதை எல்லோரும் கண்ணால் பார்த்திருந்தார்களே.

மார்கழியில் வெள்ளையன் போனான். கடைசி நாட்களில் அவன் தாடையைத் தொட மருதாயி யாரையும் விடவில்லை. ஈரத்துணியால் உதட்டை மட்டும் நனைத்தாள். இழவு வீட்டில் பெண்கள் பொன்னாயியைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். மருதாயி தனியாக உட்கார்ந்து அழுதாள்.